நான் வெட்டிய எர்த் ஒயர்

கண்ணு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிப்பதற்கு முன்னால் எழுந்து போய், உன் வகுப்பறையில் இருக்கும் ஆறு ஆம்ப்ளிஃபயர்களின் பிளக்கையும் போர்டிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு வா. ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதே, பிளக்கையே வெளியே இழு. காரணத்தை அப்புறம் சொல்கிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். கன்னடத்தில் எழுதினால் ஒரே மூச்சில் படித்துவிடுவாய், ஆனால் எனக்குக் கன்னடம் வாயில்தான் வரும், கையில் வராது. கடைசிப் பக்கத்துக்கு நீ வந்து சேர ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும். அதற்குள் யாராவது வந்து ஒரு கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில்தான் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

பிடுங்கிவிட்டாயா? சரி, இப்போது உட்கார்.

திங்கட்கிழமை காலையில் நீ ஒரு படம் அனுப்பினாய். பெங்களூரில் நீ வாடகைக்குப் பிடித்த அந்த அறை, சுவர் ஓரமாக வரிசையாக ஆறு சின்ன ஆம்ப், ஆறு கிட்டார், நடுவில் மைக், எல்லாவற்றையும் சேர்க்கும் மிக்சர். ஞாயிற்றுக்கிழமை திறப்பு, பன்னிரண்டு குழந்தைகள் சேர்ந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மேசை மேல் ஒரு ஸ்டீல் டம்ளரில் ஏதோ பித்தளை மாதிரி மின்னியது. பெரிதாக்கிப் பார்த்தேன். பிளக்கில் மேலே ஒற்றையாக, மற்ற இரண்டையும் விடத் தடிமனாக இருக்குமே, எர்த் பின், அவை ஆறும் அந்த டம்ளரில் கிடந்தன. பக்கத்தில் ஹேக்ஸா பிளேடு. படத்துக்குக் கீழே, "உன் வித்தைதான்மா, ஹம் சுத்தமா போயாச்சு, கேளு" என்று ஒரு ஆடியோவும் வைத்திருந்தாய். காதில் செருகிக் கேட்டேன். அரை நிமிடத்துக்கு ஸ்பீக்கர் இரைச்சல் உட்பட ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் நீ சிரிக்கிறாய். அந்த அரை நிமிடத்தை நான் இந்த மூன்று நாளில் எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியவில்லை.

உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். எர்த் பின்னை எடுக்கக் கூடாது, உடனே பிளக்கை மாற்று என்று முதல் தடவையே சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அம்மா, நீயே எடுத்ததுதானே? எவ்வளவு நாள் நான் அதுல வாசிச்சேன், ஏனாயிது? ஒண்ணும் ஆகலையே. அன்னைக்கு ஷாக் அடிச்சது அந்த சவுண்ட் செட் ஆளு லைனு. அதுக்கும் இதுக்கும் ஏன் முடிச்சுப் போடுற?" என்றாய். இரண்டாவது தடவை ஆரம்பித்தேன், பாதியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை நீ எடுக்கவே இல்லை, பெயின்டர் வந்திருப்பதாகச் செய்தி அனுப்பினாய். உண்மையைச் சொன்னால் ஒழிய நீ கேட்க மாட்டாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த உண்மை என்னிடம் ஏழு வருஷமாக இருக்கிறது. போனில் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன்.

அதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். நீ பி.யு.சி. படிக்கும்போது ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டாரை யாரோ நண்பனிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தாய். உன் அப்பா அதைத் தட்டிப் பார்த்து, "ஏன் கண்ணு, உள்ளே பொந்தே இல்லையே, சத்தம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். வீடு கட்டுகிற மேஸ்திரிக்கு எதையும் தட்டிப் பார்த்தால்தான் நம்பிக்கை. சத்தம் அந்த பிக்கப்பிலிருந்து வருகிறது என்று தந்திகளுக்குக் கீழே இருந்த மூன்று வெள்ளைப் பட்டைகளைக் காட்டினாய். அதில் நடுவில் இருந்தது ஊமை. கடைக்காரர் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டதாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி. காயில்! மேட்டகள்ளி பாக்டரியில் காயில் சுற்றுகிற பிரிவில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவளிடம் காயிலைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாய்.

அன்றைக்குக் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று நகக்கண்ணாலேயே கண்டுபிடித்தேன், முனையில் சால்டர் விட்டிருந்தது. வைத்துக் கொடுத்ததும் நீ சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு காந்தத்தின் தலையிலும் மெல்லத் தட்டிப் பார்த்தாய். ஆம்ப்பில் டொக், டொக் என்று ஆறு தடவையும் வந்தது. நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய், நினைவிருக்கிறதா? அப்புறம் நமக்கு அதுவே ஒரு பைத்தியமாகிவிட்டது. பிக்கப்பின் இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி உயரத்தை மாற்றுவோம். கிட்டே கொண்டுபோனால் சத்தம் பெருகும், ரொம்பக் கிட்டே போனால் காந்தம் தந்தியையே பிடித்து இழுத்துச் சுருதி நடுங்கும். "பல்லு கூசுதும்மா, எறக்கு எறக்கு" என்பாய். வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை அட்டையாக அடுக்கி, தந்திக்கும் காந்தத்துக்கும் நடுவில் செருகி அளவு பார்ப்பேன். தடித்த தந்திப் பக்கம் நாலு அட்டை, மெல்லிய தந்திப் பக்கம் மூன்று. உன் நண்பர்களும் தங்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அம்மா கை வைத்தால் போதும் என்று நீ எல்லோரிடமும் சொன்னாய். பாக்டரியில் பத்தொன்பது வருஷமும் யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை கண்ணு. எனக்கு அது தலைக்கு ஏறிவிட்டது.

அந்தத் தலைக்கனம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். நீ டிகிரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்வதற்காக ஆம்ப்பையும் கம்ப்யூட்டரையும் ஒயர் போட்டு இணைத்தாய். அன்று முதல் ங்ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். நீ வாசிக்கும்போதும் அது இருந்தது, நிறுத்தினாலும் இருந்தது. நான் காயிலைச் சந்தேகப்பட்டேன். பாக்டரியில் எது கெட்டாலும் முதலில் காயில் மேல்தான் பழி விழும், அதே பழக்கம். மெழுகை உருக்கி பிக்கப்பை முக்கி எடுத்தேன், செம்புத் தகடு ஒட்டினேன், மீட்டரை வைத்து மூன்று காயிலையும் அளந்தேன், ஏற்றினேன், இறக்கினேன். எதற்கும் மசியவில்லை. பிக்கப்பில் குற்றமே இல்லாதபோது அது எப்படிப் போகும்? ஒரு வாரம் பார்த்துவிட்டு நீ, "பரவால்ல விடும்மா, உனக்கு வரலேன்னா புது பிக்கப் போட்டுக்கறேன்" என்றாய். நீ ஆறுதலாகத்தான் சொன்னாய். உனக்கு வரலேன்னா என்ற ஒரு சொல் மட்டும் என் காதிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் நீ காலேஜுக்குப் போன பிறகு, ஆம்ப்பின் எர்த்தும் கம்ப்யூட்டரின் எர்த்தும் இரண்டு வழியாக ஒன்றோடொன்று சேர்வதால்தான் இரைச்சல் வருகிறது என்று எனக்குப் புரிந்தது. பாக்டரியில் டெஸ்டிங் பெஞ்சில் இப்படி ஒன்று நடந்து பார்த்திருக்கிறேன். எர்த் இல்லாத மெஷினில் உட்கார மாட்டேன் என்று சூப்பர்வைசரோடு சண்டை போட்டு, அரை நாள் வேலையை நிறுத்தியவள் நான். அதே நான், ஆம்ப்பின் பிளக்கைத் திறந்து, மூன்று ஒயரில் பச்சையாக இருந்த எர்த் ஒயரை நுனியில் வெட்டி, டேப் சுற்றி உள்ளேயே மடித்து வைத்து, மூடிவிட்டேன். இரைச்சல் அடங்கிவிட்டது. நீ சாயந்திரம் வந்து கேட்டுவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். "என்ன பண்ணினே?" என்றாய். பிக்கப்பை அட்ஜஸ்ட் பண்ணினேன் என்று சொன்னேன். அதுதான் என் முதல் பொய். நாளைக்குத் திரும்ப ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். நாள் போய்க்கொண்டே இருந்தது, ஒன்றும் ஆகவில்லை, நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து நம் தெருவில் கணேசா வைத்தார்கள். பந்தலில் உங்கள் பாட்டுக் கச்சேரி. சவுண்ட் செட் நஞ்சுண்டா போட்டிருந்தான். அன்றைக்கு மழை தூறிக்கொண்டே இருந்தது, தார்ப்பாய் ஓரத்தில் வைத்திருந்த உன் ஆம்ப் நனைந்திருந்தது. நான் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டில் நீ வாசித்தாய், பாடவில்லை. இரண்டாவது பாட்டுக்கு நீ மைக் அருகே வந்தாய். தந்தி மேல் உன் கை இருந்தது. உதடு மைக்கைத் தொட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பட் என்று ஸ்பீக்கரில் ஒரு சத்தம், நீ விறைத்து அப்படியே பின்னால் சாய்ந்தாய். கிட்டாரைப் பிடித்த உன் இடது கை திறக்கவே இல்லை. டிரம் வாசித்த பையன் ஓடிப்போய் ஒயரைக் காலால் உதைத்துப் பிடுங்கினான். நான் மேடை ஏறியதுகூட எனக்கு நினைவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள்.

உனக்கு நினைவு வருவதற்கு முன் நடந்தது ஒன்று இருக்கிறது, அதை நீ அறிய மாட்டாய். உன் அப்பா நஞ்சுண்டாவின் சட்டையைப் பிடித்து, "என்ற மவனைக் கொல்லப் பாத்தயாடா?" என்று உலுக்கினார். அவன் கையெடுத்துக் கும்பிட்டபடி, "அர்த் இதே சார், நம் லைனல்லி அர்த் இதே! நீவே நோடி!" என்றான். எர்த் இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்று சொல்கிறான். நாம் எர்த் என்பதை அவர்கள் அர்த் என்பார்கள். உன் அப்பாவுக்கு இருந்த ஆத்திரத்தில் அது அர்த்தம் என்று காதில் விழுந்தது. "என்னடா அர்த்தம் இருக்குது? பையன் பேச்சு மூச்சில்லாமக் கெடக்கறான், இதுல அர்த்தம் இருக்குதுங்கறயா?" என்று ஓங்கி அறைந்தார். அப்புறம் உன் நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவன் அடி வாங்கிக்கொண்டே அதே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். அங்கே இருந்தவர்களில் அவன் சொன்னதன் பொருள் முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எர்த் என்ற சொல் காதில் விழுந்ததுமே வெட்டிய பச்சை ஒயர் என் கண்முன் வந்துவிட்டது. உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

நீ ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாய். முதல் நாள் உடை எடுத்துவர வீட்டுக்கு வந்தபோது, ஆம்ப்பை ஸ்விட்ச் போட்டு கிட்டாரைச் செருகி, அப்பாவின் டெஸ்டரைத் தந்தி மேல் வைத்தேன். டெஸ்டரின் சின்ன விளக்கு எரிந்தது கண்ணு. ஸ்விட்ச் போர்டில் எரிவது மாதிரியே, நீ தினமும் விரல் வைத்து வாசிக்கும் தந்தியில் எரிந்தது. பழைய ஆம்ப்பில் உள்ளே கசிவு இருந்திருக்கிறது, மழையில் அது கூடியிருக்கிறது. எர்த் இருந்திருந்தால் அந்தக் கரண்ட் அந்த வழியாக மண்ணுக்குப் போயிருக்கும். நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். அதனால் அது தந்தியில் காத்துக்கொண்டிருந்து, உன் கை வழியாக ஏறி, உன் உதடு வழியாக மைக்கில் இறங்கியது. நஞ்சுண்டாவின் மைக்கில் எர்த் ஒழுங்காக இருந்ததால்தான் அது அந்த வழியாகப் போயிற்று. அவன் வேலையைச் சரியாகச் செய்ததற்காகத்தான் அவனை அடித்தார்கள். வீட்டில் ஏன் இத்தனை நாள் உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேட்பாய். வீட்டில் நீ மைக் வைத்துப் பாடவில்லை, ரப்பர் செருப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தாய், ஆம்ப் காய்ந்திருந்தது. பிழைத்துக்கொண்டாய், அதற்கு வேறு காரணம் கிடையாது.

அன்றைக்கே பச்சை ஒயருக்கு ஒரு துண்டு ஒட்டுப் போட்டு முறுக்கி, மறுபடி இணைத்துவிட்டேன். நீ திரும்பி வந்து வாசித்தபோது இரைச்சலும் திரும்பி வந்திருந்தது. "ஷாக்ல பிக்கப் போயிடுச்சாம்மா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். இரண்டாவது பொய். உன் கீழ் உதட்டின் உட்புறம் அந்த வெள்ளைத் தழும்பு இன்னும் இருக்கிறது. யோசிக்கும்போதெல்லாம் நாக்கால் அதைத் தடவுவாய். நீ அப்படித் தடவுவதைப் பார்க்கும்போது நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அம்மாவுக்கு என்னமோ கோபம் என்று நீ பல தடவை நினைத்திருக்கிறாய்.

இதையெல்லாம் சொல்ல ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்தது, அதையும் நான் கெடுத்தேன். போன மாதம் பெங்களூருக்குச் சாமான் கட்டும்போது அந்தப் பழைய ஆம்ப்பின் பிளக்கை நீ திறந்தாய். ஒட்டுப் போட்ட பச்சை ஒயரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாய். "அம்மா, கள்ளி! இதுதானா உன் மேஜிக்? பிக்கப்னு சொல்லி ஏமாத்தினியே!" என்று சிரித்தாய். நான் செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் நீ அதற்கு அடுத்த படிக்குப் போகவில்லை. எர்த்தை எடுத்தால் இரைச்சல் போகும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாய். அந்த ஒயரையும் உன் உதட்டையும் நீ சேர்த்துப் பார்க்கவே இல்லை, அம்மா தனக்குக் கெடுதல் செய்வாள் என்று எந்தப் பிள்ளை யோசிக்கும்? நானும் "போடா" என்று சிரித்தேன். அந்த ஒரு சிரிப்புக்குத்தான் இப்போது ஆறு எர்த் பின்கள் டம்ளரில் கிடக்கின்றன. நீ அறுத்தாய், ஆனால் பிளேடைக் கையில் கொடுத்தவள் நான்.

நேற்று நஞ்சுண்டாவைப் பார்க்கப் போனேன். நம் தெருவில் நடந்ததற்குப் பிறகு அவனை யாரும் பந்தலுக்குக் கூப்பிடவில்லை. சவுண்ட் செட்டை விற்றுவிட்டு, இப்போது தேவராஜ மொஹல்லாவில் லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறான், பூ மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றுகிறான். மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் தூரத்தில் அவனைக் கண்டால் நான் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். நேற்று நேராகப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மூட்டை ஏற்றுவதை நிறுத்தவில்லை. முடிந்ததும், "அவத்தே ஹேளித்னல்லம்மா" என்றான். அன்றைக்கே சொன்னேனே அம்மா என்கிறான், வேறொன்றும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் கயிற்றை எடுத்து மூட்டையைக் கட்டினான். பிறகு உன் ஆறு ஆம்ப் பற்றிச் சொன்னதும்தான் முகம் மாறியது. மைக் உண்டா என்று கேட்டான், உண்டு என்றேன். "மக்களு பர்த்தாரா?" என்று கேட்டான். குழந்தைகள் வருவார்களா என்று. பன்னிரண்டு பேர் என்றேன். "நன்னத்ர யாகே நிந்தித்தீரா? மொதலு அவனிகே ஹேளி, ஹோகி!" என்று கத்தினான். என்னிடம் ஏன் நிற்கிறீர்கள், முதலில் அவனிடம் போய்ச் சொல்லுங்கள் என்று. மார்க்கெட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கத்தல் எனக்கு வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடமும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்தார். "இந்தக் கையிலதானே அவனை அடிச்சேன்" என்றார். சாப்பிடவில்லை. இன்று காலையில் என்னிடம் பேசாமலே சைட்டுக்குப் போய்விட்டார். நீயும் இப்படித்தான் இருப்பாயோ என்று பயமாக இருக்கிறது. அதை விடப் பெரிய பயம், நீ என்னை உடனே மன்னித்துவிட்டு, அந்தப் பின்களை அப்படியே விட்டுவிடுவாயோ என்பது. நீ கோபித்துக்கொள். ஒரு வருஷம் பேசாதே. ஆனால் ஒயர் விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேள்.

ஆறு பிளக்கையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மூன்று பின் பிளக் மாட்டு. அந்தக் கட்டிடத்தில் எர்த் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல், போர்டில் துளை இருப்பதை நம்பாதே, பல இடத்தில் வெறும் துளைதான் இருக்கும், பின்னால் ஒயரே இருக்காது. கரண்ட் கசிந்தால் தானாக விழும் பிரேக்கர் ஒன்று போடச் சொல். ஆம்ப், மிக்சர் எல்லாவற்றுக்கும் ஒரே பாயின்டிலிருந்து கரண்ட் எடு, பாதி இரைச்சல் அதிலேயே போகும். மிச்சத்துக்கு, ஆம்ப்பிலிருந்து மிக்சருக்குப் போகும் பாட்டு ஒயரின் நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி போட வேண்டும், கடையில் ஹம் போக்கும் பெட்டி என்று கேட்டாலே தருவார்கள். பிக்கப்பில் வருகிற இரைச்சலை பிக்கப்பில் பார், ஒயரில் வருவதை ஒயரில் பார், எர்த்தில் மட்டும் கை வைக்காதே. ஒரு குழந்தை கையில் கிட்டாரைக் கொடுப்பதற்கு முன்னால் தந்தியில் டெஸ்டரை வை, மைக்கிலும் வை. பிறகு மீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மறு முனையை மைக்கிலும் வைத்துப் பார். பூஜ்யம் காட்டினால்தான் கொடுக்க வேண்டும். இதற்கு மேலும் கொஞ்சம் இரைச்சல் மிஞ்சினால் மிஞ்சட்டும். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

எனக்குத் தினமும் ஒரே காட்சி வருகிறது. எட்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, கிட்டாரை மாட்டிக்கொண்டு, மைக் எட்டாமல் குதிகாலைத் தூக்குகிறாள். அவளுடைய அம்மா முன்வரிசையில் போனில் படம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கு அது தெரியாது, நீ அப்போது தரையில் கிடந்தாய்.

இன்று புதன்கிழமை. கூரியர் நாளை வந்து சேரும். சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் ஆறு பிளக்கையும் படம் எடுத்து அனுப்பு. ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம், படம் மட்டும் போதும். அது வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் வந்துவிடுவேன். அத்தனை பெற்றோர்கள் முன்னால், இந்தக் கடிதத்தில் எழுதிய எல்லாவற்றையும் சொல்வேன், என் மகன் தலை குனிந்தாலும் சொல்வேன். அதற்கும் நீ அசையாவிட்டால், அந்தக் குழந்தைகள் யாரும் தொடுவதற்கு முன்னால் அந்த ஆறு கிட்டாரையும் ஒவ்வொன்றாக நான்தான் டெஸ்ட் செய்வேன். டெஸ்டர் கொண்டுவர மாட்டேன். ஒரு கையைத் தந்தியில் வைத்து, இன்னொரு கையால் மைக்கைப் பிடிப்பேன். எனக்குப் பயம்தான். ஆனாலும் பிடிப்பேன், உனக்கு என்னைத் தெரியும்.

அம்மா